ஈசியூவை மாற்றினால் வாரண்டி போய்விடுமா?

புது பைக்கின் சைலன்சரை மாற்றி, ஈசியூவையும் (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) ட்யூன் செய்துகொள்ள நினைப்பவர்கள் தவறாமல் கேட்கும் எச்சரிக்கை ஒன்று உண்டு: "அதைத் தொட்டால் வாரண்டி போச்சு." இதில் பாதிதான் உண்மை. எந்தப் பாதி என்பதை அறிய அமெரிக்காவின் ஹார்லி-டேவிட்சன் நிறுவனத்தின் கதை உதவும். ஆறு ஆண்டு இடைவெளியில் இரண்டு அரசு அமைப்புகள் அந்த நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுத்தன. ஒன்று ட்யூனிங் கருவிகளை விற்றதற்காக. இன்னொன்று, வேறு கடைப் பாகங்களைப் பொருத்தினால் வாரண்டி கிடையாது என்று மிரட்டியதற்காக.

முதலில் ஈசியூ செய்யும் வேலை. கார்புரேட்டர் காலத்தில் ஜெட்டை மாற்றியும் ஸ்க்ரூவைத் திருகியும் மெக்கானிக் செய்ததை இப்போது இந்தச் சின்னக் கணினி நொடிக்கு நொடி செய்கிறது. என்ஜினின் ஆர்பிஎம், த்ராட்டில் திறப்பு, சூடு, புகையில் மிஞ்சும் ஆக்சிஜன் என எல்லாவற்றையும் சென்சார்கள் சொல்கின்றன. தன்னுள் இருக்கும் அட்டவணையைப் பார்த்து, எவ்வளவு பெட்ரோல் பீய்ச்சுவது, ஸ்பார்க்கை எப்போது அடிப்பது என்று அது முடிவெடுக்கிறது. அந்த அட்டவணைதான் மேப். ஒரு கிராம் பெட்ரோலுக்கு 14.7 கிராம் காற்று என்ற விகிதத்தில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் நன்றாக வேலை செய்யும். முழு இழுவை வேண்டுமென்றால் 13க்குப் பக்கத்தில், பெட்ரோல் சற்றுத் தாராளமாக வேண்டும். புகை விதிகளுக்காக 'லீன்' ஆக (பெட்ரோல் குறைவாக) வைக்கப்பட்ட மேப்பை 'ரிச்' (பெட்ரோல் கூடுதல்) ஆக்குவது, இக்னிஷனை முன்தள்ளுவது, ஆர்பிஎம் வரம்பை உயர்த்துவது ஆகியவையே ட்யூனிங்கின் சாரம்.

இக்னிஷனை அளவு மீறி முன்தள்ளினால் என்ஜின் 'நாக்' அடிக்கும், அதாவது எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடித்துத் தட்டும். கவனிக்காமல் ஓட்டினால் பிஸ்டனே பழுதாகும். ஆனால் ஈசியூவைத் தொடாமலிருப்பதும் எப்போதும் பாதுகாப்பல்ல. ஃப்ரீ-ஃப்ளோ சைலன்சரும் திறந்த ஏர் ஃபில்டரும் மாட்டியபின் காற்று அதிகமாக வரும். அதற்கேற்ற பெட்ரோலைப் பழைய மேப் தராது. ஆக்சிஜன் சென்சார் ஓரளவுதான் சரிக்கட்டும். என்ஜின் சூடேறும். மேப்பை மாற்றவில்லை, அதனால் வாரண்டி பத்திரம் என்று நம்பி இப்படி ஓட்டுகிறவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை.

இனி சட்டம். அமெரிக்காவில் 1975 முதல் மேக்னுசன்-மாஸ் வாரண்டிச் சட்டம் இருக்கிறது. 'எங்கள் பாகத்தையே பொருத்த வேண்டும், எங்கள் டீலரிடமே பழுதுபார்க்க வேண்டும், இல்லாவிட்டால் வாரண்டி கிடையாது' என்று நிறுவனம் நிபந்தனை போடுவதை அது தடுக்கிறது. ஹார்லியின் வாரண்டி வாசகம் இதை மீறுகிறது என்று 2022 ஜூனில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. வெளியாள் பழுதுபார்த்தாலும் வேறு நிறுவனப் பாகம் போட்டாலும் வாரண்டி ரத்தாகாது என்று வாரண்டியிலேயே எழுத வேண்டும் என்பது ஆணையத்தின் உத்தரவு.

அதற்காக எந்தப் பழுதையும் நிறுவனத்தின் தலையில் கட்டிவிட முடியாது. வெளியிலிருந்து வந்த பாகமோ தவறான வேலையோதான் பழுதுக்குக் காரணம் என்று நிறுவனம் காட்டினால், அந்தப் பழுதுக்கு மட்டும் வாரண்டியை மறுக்கலாம். காரணத்தைக் காட்ட வேண்டிய பொறுப்பு நிறுவனத்துடையது. ட்யூன் செய்த பைக்கில் ஃபோர்க் ஆயில் சீல் கசிந்தாலோ மீட்டர் அணைந்தாலோ ட்யூனிங்கைக் காட்டித் தட்டிக்கழிக்க இடமில்லை. பிஸ்டன், வால்வு, கிளட்ச், கேட்டலிடிக் கன்வெர்ட்டர் என்றால் சண்டை நியாயமானதே. என் பார்வையில் இதுதான் சரியான பிரிப்பு. ஒரு வேலைக்காக முழு வாரண்டியையும் பறிப்பது அநியாயம்.

ஹார்லி மீதான இன்னொரு வழக்கில் 2016 ஆகஸ்டில் சமரசம் ஏற்பட்டது. 'சூப்பர் ட்யூனர்' என்ற பெயரில் 2008 முதல் ஹார்லி விற்ற சுமார் 3,40,000 கருவிகள் ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடு வெளியீட்டைக் கூட்டின என்றது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. பந்தயத்துக்கு மட்டுமே என்று விற்றோம் என்பது நிறுவனத்தின் வாதம். கடைசியில் 1.2 கோடி டாலர் அபராதம் கட்டவும், டீலர்களிடம் மிஞ்சிய கருவிகளைத் திரும்ப வாங்கி அழிக்கவும் அது ஒப்புக்கொண்டது. வாரண்டிச் சட்டம் ஓட்டுநரைக் காப்பது உண்மைதான். ஆனால் புகை விதியை மீற அது அனுமதிச் சீட்டு அல்ல. இந்தப் பகுதியைச் சொல்லாமல் ட்யூனிங் விற்கும் கடைக்காரர் பாதி விஷயத்தை மறைக்கிறார்.

மேப்பைப் பழையபடி ஏற்றிவிட்டு சர்வீஸுக்குப் போனால் தெரியாது என்பவர்களும் உண்டு.  ஆனால் எத்தனை முறை மேப் ஏற்றப்பட்டது என்ற கணக்கை வைத்திருக்கும் ஈசியூக்கள் இருக்கின்றன. மறைத்துக் கேட்பது நேர்மையும் அல்ல. மாட்டிக்கொண்டால் நியாயமான கோரிக்கையும் சேர்ந்தே அடிபடும்.

இந்தியாவில் நிலைமை இன்னும் இறுக்கமானது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்தபின் அநேகமாக எல்லா பைக்குகளும் இன்ஜெக்ஷனுக்கு மாறிவிட்டன. நிறுவனம் தந்த அசல் அமைப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவுக்கு உச்ச நீதிமன்றம் 2019இல் கண்டிப்பாகப் பொருள் சொன்னது. விதிகள் அனுமதிக்காத மாற்றத்தைச் செய்யும் உரிமையாளருக்கு, 182ஏ பிரிவின்படி மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். மேக்னுசன்-மாஸ் போல வாரண்டிக்கென்றே தனிச் சட்டம் இங்கே கிடையாது; 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்தான் துணை.

ஆகவே, மேப்பை மாற்றுமுன் வாரண்டிப் புத்தகத்தில் 'இவற்றுக்கு வாரண்டி இல்லை' என்ற பக்கத்தை வரிவரியாகப் படியுங்கள். ஏற்கெனவே மாற்றியிருந்து, சம்பந்தமில்லாத பழுதுக்கும் சர்வீஸ் சென்டர் கைவிரித்தால், எந்தப் பாகம், என்ன காரணம், ட்யூனிங்குக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்மொழி மறுப்பை மட்டும் வைத்துக்கொண்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வாதாடுவது கடினம்.