உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் அடுத்து என்ன?

பேரூராட்சி அளவில் இருக்கும் ஓர் ஊரின் அரசுக் கிளை நூலகத்தில் ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு நிகழ்ச்சி நடக்கும். நடக்காவிட்டாலும் நடத்த வழி இருக்கும். மே மாதம் பிள்ளைகளுக்குக் கோடை முகாம், ஆகஸ்டில் நூலகர் தினம், நவம்பரில் நூலக வார விழா, மாதம் ஒருமுறை வாசகர் வட்டக் கூட்டம், டி.என்.பி.எஸ்.சி. எழுதுகிறவர்களுக்கு மாதிரித் தேர்வு. காலையில் பேப்பர் படிக்க வருகிறவர்களுக்கு இதெல்லாம் தெரியும். மற்றவர்கள் காதுக்கு எட்டுவதில்லை. சுவரொட்டி அடித்து ஒட்ட நூலகத்திடம் பணம் கிடையாது. வாசல் பலகையில் சாக்பீஸால் இரண்டு வரி, வாசகர் வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி, அவ்வளவோடு அறிவிப்பு முடிந்துவிடும். அதனால் எந்த மாதத்தில் எது வரும், அதை யார் நடத்துகிறார்கள், நீங்கள் எப்படிக் கலந்துகொள்வது, உங்கள் ஊரில் இல்லாத ஒன்றை எப்படிக் கேட்டு வாங்குவது என்று இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். நூலகம் உங்கள் பணத்தில் நடக்கிறது. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். சொத்து வரியோடு நூலக வரி என்று ஒரு தொகை சேர்ந்திருக்கும். வரியில் ரூபாய்க்கு 10 காசு அது. 1,200 ரூபாய் சொத்து வரி கட்டுகிறவர் 120 ரூபாய் நூலகத்துக்குக் கொடுக்கிறார். ஊராட்சியோ பேரூராட்சியோ நகராட்சியோ வசூலித்து, மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் சேர்க்க வேண்டிய பணம் இது. இதற்கு அடிப்படை 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம். நாடு விடுதலை பெற்றபின் இந்தியாவில் வந்த முதல் பொது நூலகச் சட்டம் அதுதான். வரி கட்டியும் உள்ளே கால் வைக்காத குடும்பங்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கின்றன என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

அந்தச் சட்டத்துக்காகப் பல ஆண்டுகள் பாடுபட்டவர் எஸ்.ஆர். ரங்கநாதன். 1892-இல் சீர்காழியில் பிறந்தவர். கணிதப் பேராசிரியராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். பயிற்சிக்காக இங்கிலாந்து போனபோது, அங்கே சாதாரண ஊர்களின் பொது நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். குழந்தைகளுக்கும் தொழிலாளிகளுக்கும் நூலகம் என்னவெல்லாம் செய்ய முடியும் என்பதை அங்கேதான் நேரில் கண்டார். திரும்பி வந்து 1931-இல் அவர் வெளியிட்ட நூலில் ஐந்து விதிகளை வகுத்தார். அவற்றில் இரண்டு இந்தக் கட்டுரைக்கு நேரடியாகப் பொருந்தும். ஒவ்வொரு வாசகருக்கும் ஏற்ற நூல் கிடைக்க வேண்டும் என்பது ஒன்று. ஒவ்வொரு நூலுக்கும் ஏற்ற வாசகர் கிடைக்க வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவதை நூலகர் அடுக்கில் தேடி எடுத்துக் கொடுத்து நிறைவேற்றிவிடலாம். இரண்டாவதுக்குத்தான் நிகழ்ச்சிகள் தேவைப்படுகின்றன. யாரும் தொடாமல் அலமாரியில் பத்தாண்டு கிடக்கும் ஒரு நூலைப் பற்றி ஒருவர் எழுந்து அரை மணி நேரம் பேசினால், அன்று மாலையே அதைக் கேட்டு மூன்று பேர் வருவார்கள். அதே 1931-இல் மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போன நடமாடும் நூலகம் தொடங்கியது. நூலகம் வாசகரைத் தேடிப் போக வேண்டும் என்ற எண்ணம் நம் மண்ணில் அவ்வளவு பழையது.

இனி மாத வரிசைக்கு வருவோம். பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு முக்கியமானது மே மாதம். ஆண்டுத் தேர்வு முடிந்ததும் பல நூலகங்களில் கோடை முகாம் தொடங்கும். சில இடங்களில் ஒரு வாரம், சில இடங்களில் மாதம் முழுதும். ஓவியம், காகித மடிப்பு, சதுரங்கம், விடுகதை, பொம்மலாட்டம், கதை சொல்லல் என்று ஊரில் யார் கிடைக்கிறார்களோ அதைப் பொறுத்து அமையும். கட்டணம் இருக்காது. பெயர் கொடுத்தால் போதும். இவற்றில் ஓவியமும் சதுரங்கமும் பிள்ளைகளுக்கு வேறு இடங்களிலும் கிடைத்துவிடும். நூலகம் மட்டுமே தரக்கூடியது, ஒரு பெரியவர் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு உரக்க வாசித்துக் காட்டுவது. முகாமில் எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்கக் கூடாது என்பது என் கருத்து.

அதற்குப் பெரிய திறமை வேண்டியதில்லை. படம் உள்ள பக்கம் பிள்ளைகள் பார்வைக்குத் தெரியும்படி புத்தகத்தைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். வாசிக்கப்போகும் கதையை முந்தின நாள் ஒருமுறை வீட்டில் வாசித்துப் பார்த்துவிட வேண்டும். இருபது நிமிடத்துக்கு மேல் இழுக்கக் கூடாது. கதை நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் இடத்தில் நிறுத்தி, மிச்சத்தைப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளச் சொன்னால், பிள்ளைகள் அந்தப் புத்தகத்துக்குப் போட்டி போடுவார்கள். நேஷனல் புக் டிரஸ்டின் சிறுவர் நூல்களும் தூலிகாவின் படக்கதைகளும் இதற்குத் தோதானவை. அரசுப் பள்ளிகளில் வாசிப்பு இயக்கத்தின் நுழை, நட, ஓடு, பற என்ற நான்கு நிலைப் புத்தகங்களைப் படித்துப் பழகிய பிள்ளைகள் இப்போது நூலகத்துக்கு வருகிறார்கள். பற நிலையைத் தாண்டிய பிள்ளைக்கு அடுத்து என்ன கொடுப்பது என்ற கேள்விக்குப் பதில் நூலக அலமாரியில் இருக்கிறது. முகாம் முடியும் நாளில் அந்தப் பிள்ளையை உறுப்பினராகச் சேர்த்துவிடுங்கள். ஒரு சிறிய காப்புத்தொகை, அதைவிடச் சிறிய ஆண்டுச் சந்தா. ஒரு வேளை ஓட்டல் சாப்பாட்டுக்கு ஆகும் செலவுக்குள் முடிந்துவிடும்.

ஆகஸ்ட் 12 நூலகர் தினம். ரங்கநாதனின் பிறந்த நாள் அது. ஊர் நூலகங்களில் அவர் படத்துக்கு மாலை போட்டு, ஒரு கூட்டம் நடத்தி, இனிப்பு கொடுப்பார்கள். இடையில் செப்டம்பர் 15 அண்ணா பிறந்த நாள், அக்டோபர் 15 கலாம் பிறந்த நாள் என்று பேச்சு, கட்டுரைப் போட்டிகள் வரும். ஏப்ரல் 23 உலகப் புத்தக தினத்துக்கும் இப்படித்தான்.

பெரிய நிகழ்ச்சி நவம்பர் 14 முதல் 20 வரை நடக்கும் தேசிய நூலக வார விழா. ஒரு நாள் புத்தகக் கண்காட்சி, ஒரு நாள் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்டி, ஒரு நாள் ஊரின் எழுத்தாளரோ ஓய்வுபெற்ற தமிழாசிரியரோ பேசும் கூட்டம், கடைசி நாள் பரிசளிப்பு. இந்த வாரத்தில்தான் புதிய உறுப்பினர்களையும் புரவலர்களையும் அதிகமாகச் சேர்ப்பார்கள். ஆயிரம் ரூபாய் செலுத்தினால் புரவலர். அதற்கு மேல் பெரும் புரவலர், கொடையாளர் என்ற நிலைகளும் உண்டு. உங்கள் பெயரை நூலகச் சுவரிலுள்ள பலகையில் எழுதுவார்கள். திருமணத்துக்கும் காதுகுத்துக்கும் மண்டபம் பிடித்துச் செலவு செய்யும் வீடுகள், அந்த நாளின் நினைவாகப் பிள்ளையின் பெயரில் ஒரு புரவலர் தொகை கட்டலாம். சில ஊர்களில் இது வழக்கமாகவே ஆகியிருக்கிறது. பணமாகத்தான் கொடுக்க வேண்டும் என்பதில்லை. மின்விசிறி, நாற்காலி, குடிநீர்ச் சாதனம், ஒரு வார இதழின் ஆண்டுச் சந்தா, எதுவானாலும் நூலகருக்கு உதவிதான்.

இத்தனையையும் யார் நடத்துவது? கிளை நூலகத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு நூலகர் இருப்பார். புத்தகம் கொடுத்து வாங்குவது, பதிவேடு எழுதுவது, இதழ்களை அடுக்குவது, கதவைத் திறந்து பூட்டுவது எல்லாம் அவர் கையில். ஊர்ப்புற நூலகங்களின் நிலை இதைவிடக் கடினம். இப்படி ஒருவர் தனியாக விழாவும் நடத்த வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அங்கேதான் வாசகர் வட்டம் வருகிறது. நூலகத்துக்கு வரும் வாசகர்களே தலைவர், பொறுப்பாளர்கள் என்று அமைத்துக்கொண்ட குழு அது. ஓய்வுபெற்ற ஆசிரியர், மருந்துக்கடைக்காரர், வங்கி ஊழியர், எல்.ஐ.சி. முகவர் என்று நாலைந்து பேர் மனம் வைத்தால் போதும். மாதம் ஒரு நூல் அறிமுகம் நடக்கும். வட்டம் சுறுசுறுப்பாக இருக்கும் ஊரில் நூலகம் உயிரோடு இருக்கும். வட்டம் பெயரளவுக்கு இருக்கும் ஊரில் நவம்பரில் மட்டும் ஒரு பேனர் தொங்கும். இவ்வளவு பெரிய வித்தியாசத்துக்குக் காரணம் கட்டடமோ நிதியோ இல்லை. அந்த நாலைந்து பேர் மட்டும்தான்.

வட்டங்கள் பலவற்றிலும் ஒரு குறை உண்டு. பேசுகிறவர்களும் கேட்கிறவர்களும் பெரும்பாலும் வயதான ஆண்கள். பெண்கள் வரவில்லை என்று சொல்வதற்கு முன்னால், கூட்டம் வைக்கும் நேரத்தைப் பார்க்க வேண்டும். ஞாயிறு மாலை ஆறரைக்கு வைத்தால், வீட்டில் மறுநாள் வேலைகளுக்கு ஆயத்தம் செய்யும் பெண் எப்படி வருவார்? பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கும் அதே நேரத்தில், பக்கத்திலேயே அம்மாக்களுக்கு ஒரு நூல் அறிமுகம் வைத்துப் பாருங்கள். பிள்ளையைக் கூட்டிவந்து வெளியே நிற்கிறவர் உள்ளே உட்காருவார்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். குரூப் 4 அறிவிப்பு வந்த வாரத்திலிருந்து பல நூலகங்களில் நாற்காலி கிடைக்காது. தங்கள் புத்தகத்தைக் கொண்டுவந்து படிக்கிறார்கள், நூலகப் புத்தகத்தைத் தொடுவதில்லை, பேப்பர் படிக்க வரும் பெரியவர்களுக்கு இடமில்லை என்று குறை சொல்வார்கள். எனக்கு அந்தக் குறையில் உடன்பாடு இல்லை. மின்விசிறியும் அமைதியும் மேசையும் வீட்டில் கிடைக்காத இளைஞர்கள் அவர்கள். காலை முதல் இரவு வரை நூலகத்தை நிறைத்து வைத்திருக்கிறவர்களும் அவர்கள்தான். அவர்களை விரட்டாமல் நிகழ்ச்சிக்குள் இழுக்க வேண்டும். சென்ற ஆண்டு தேர்ச்சி பெற்று வேலைக்குப் போனவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்து, எப்படிப் படித்தார் என்று பேசச் சொல்லலாம். மாதிரித் தேர்வுக்கு வினாத்தாள் நகல் எடுக்கும் செலவை ஊர்க்கடைக்காரர் ஒருவர் ஏற்கலாம். தேர்வர்கள் முறை வைத்துக்கொண்டு வாரம் அரை மணி நேரம் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டலாம். கேட்டால் மறுக்கமாட்டார்கள்.

நூலகத்துக்கு நடந்து வர முடியாதவர்களுக்கும் ஒரு ஏற்பாடு உண்டு. 2022-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய நூலக நண்பர்கள் திட்டத்தில், தன்னார்வலர்கள் முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள் போன்றோரின் வீட்டுக்கே புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்து, படித்து முடித்ததும் திரும்ப வாங்கி வருவார்கள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒருவர் இருந்தால் நூலகரிடம் பெயரைச் சொல்லுங்கள். கொண்டுபோய்க் கொடுக்க உங்களுக்கு நேரம் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

கடைசியாக, உங்கள் ஊரில் இல்லாத நிகழ்ச்சியைக் கேட்டு வாங்கும் முறை. நூலகத்தில் வாசகர் கருத்துக்கென்று ஒரு பதிவேடு இருக்கும். கேட்டு வாங்கி, என்ன வேண்டும் என்று தேதி போட்டு எழுதுங்கள். வாய்வார்த்தையாகச் சொல்வது மறந்துபோகும். எழுத்தில் இருந்தால் மாவட்ட நூலக அலுவலர் பார்வையிட வரும்போது அவர் கண்ணில் படும். "ஏதாவது செய்யுங்கள்" என்று எழுதினால் பயனில்லை. என்ன நிகழ்ச்சி, எந்த நாள், எத்தனை மணி, யார் நடத்துவார், செலவு என்றால் யார் ஏற்பார் என்று எழுதுங்கள். "சனிக்கிழமைதோறும் மாலை ஐந்து மணிக்குப் பிள்ளைகளுக்கு நான் கதை வாசிக்கிறேன், எனக்கு ஒரு பாய் விரிக்க இடம் போதும்" என்று ஒருவர் எழுதினால் எந்த நூலகரும் மறுப்பது அரிது. கட்சி, சாதி, மதப் பிரச்சாரம், வியாபாரம் எதுவும் கலக்கக் கூடாது. பெரிய கூட்டம் என்றால் மாவட்ட அலுவலகத்தின் அனுமதி தேவைப்படும். அதை நூலகரே கேட்டுப் பெறுவார். அதற்கு அவருக்குச் சில வாரங்கள் அவகாசம் கொடுங்கள்.

நவம்பர் விழாவுக்கு அக்டோபரிலேயே ஏற்பாடு தொடங்கிவிடும் என்பதால், யோசனை இருப்பவர்கள் செப்டம்பரில் போய் நூலகரைப் பாருங்கள். வாசகர் வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் உங்கள் எண்ணைச் சேர்க்கச் சொல்லுங்கள். போகும்போது வீட்டுப் பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். கிளை நூலகங்கள் பலவற்றுக்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறை. மற்ற நாட்களிலும் நண்பகலில் பூட்டியிருக்கக்கூடும். அதனால் காலையிலோ மாலையிலோ போங்கள்.