ஆயிரம் அடி இடைவெளி: சர்கி தாத்ரி விபத்தும் நம்ம ஊர் பட்டாசு ரூமும்

போன வாரம் ஒரு நேயர் கேட்டிருந்தார்: "தரையிறங்க வர்ற விமானத்துக்கு ஒரு உயரத்தைச் சொல்லி, பைலட் அதைவிடக் கீழே இறங்கிட்டா என்ன ஆகும்? தப்பு பைலட் மேலதானே?" பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. கன்ட்ரோலர் கவனிச்சுச் சொல்வார், சரி பண்ணிடுவாங்க. ஆனா ஒரு தடவை நம்ம நாட்டுலயே ஆச்சு. இன்னைக்கு அந்தக் கதைதான்.

1996 நவம்பர் 12, சாயங்காலம் ஆறரை மணி. டெல்லியில இருந்து சவுதியா 763, ஒரு போயிங் 747, சவுதிக்குக் கிளம்புது. உள்ள 312 பேர். நிறைய பேர் வளைகுடா வேலைக்குப் போற நம்ம ஆளுங்க. அதே நேரம் கஜகஸ்தான்ல இருந்து கஜகஸ்தான் ஏர்லைன்ஸ் 1907, ஒரு இல்யூஷின் 76, டெல்லியில இறங்க வருது. அதுல 37 பேர். அப்போ டெல்லியில போறதுக்கும் வர்றதுக்கும் ஒரே வான்வழிதான். அதனால ரெண்டும் நேருக்கு நேர்.

கன்ட்ரோலர் சொன்னது தெளிவா இருந்தது. ஏறுற சவுதி விமானம் 14,000 அடியில நிக்கணும். இறங்குற கஜக் விமானம் 15,000 அடியில நிக்கணும். நடுவுல ஆயிரம் அடி. எதிர்ல 747 வருதுன்னும், எவ்வளவு தூரத்துல வருதுன்னும்கூட கஜக் விமானத்துக்குச் சொன்னார்.

உயரத்தை எப்படி அளக்குறாங்க?

விமானத்தோட உயரமானி உண்மையில ஒரு காற்றழுத்தமானி. மேலே போகப் போக அழுத்தம் குறையும், அதை அடிக்கணக்கா மாத்திக் காட்டும். ஆனா தரையில அழுத்தம் ஊருக்கு ஊர், நாளுக்கு நாள் மாறும். அதனால ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு மேல எல்லா விமானமும் 1013.25 ஹெக்டோபாஸ்கல்னு ஒரே அளவை செட் பண்ணிக்கும். காட்டுற எண் நிஜ உயரத்துல இருந்து கொஞ்சம் விலகியிருக்கலாம். ஆனா எல்லாருக்கும் ஒரே மாதிரி விலகியிருக்கும். எல்லார் வீட்டுக் கடிகாரமும் அஞ்சு நிமிஷம் வேகமா ஓடினா யாரும் பஸ்ஸை விட மாட்டோம்ல, அது மாதிரி. ஆயிரம் அடி இடைவெளி அப்படித்தான் நிக்குது.

ஆனா ஒவ்வொருத்தரும் சொன்ன உயரத்துல இருந்தாத்தான் அது நிக்கும்.

யாருக்கு என்ன தெரிஞ்சது?

கஜக் விமானம் 15,000 அடிக்கு வந்தாச்சுன்னு ரேடியோவுல சொல்லிடுச்சு. ஆனா இறங்குறதை நிறுத்தல. அந்த விமானத்துல கன்ட்ரோலரோட பேசினது பைலட் இல்ல, தனியா ஒரு ரேடியோ ஆபரேட்டர். அவர் முன்னாடி உயரமானி கிடையாது. பைலட்டோட தோளுக்கு மேல எட்டித்தான் பாக்கணும். அப்படிப் பாத்து, உயரம் தப்பா இருக்குன்னு புரிஞ்சு, மேலே ஏறச் சொன்னார். விமானம் ஏற ஆரம்பிச்ச நேரத்துல, மேகத்துக்குள்ள, அதோட வால் பகுதி 747-ஓட இடது இறக்கையில மோதுச்சு. ஹரியானாவுல சர்கி தாத்ரி பக்கத்து வயல்கள்ல ரெண்டு விமானமும் விழுந்துச்சு. 349 பேர். ஒருத்தர்கூட பிழைக்கல. நடுவானுல நடந்த மோதல்லயே அதிக உயிர் போனது இதுலதான்.

தரையில இருந்தவருக்கு ஏன் தெரியல? அவருக்கு இருந்தது பிரைமரி ரேடார். அலையை அனுப்பி, திரும்பி வர்றதை வெச்சு திசையும் தூரமும் காட்டும். உயரம் காட்டாது. விமானத்தோட டிரான்ஸ்பாண்டர்கிட்ட கேட்டு உயரத்தை வாங்குற செகண்டரி ரேடார் அங்க இன்னும் வேலைக்கு வரல. நம்ம பாஷையில சொன்னா, கிளையன்ட் அனுப்புற வேல்யூவை சர்வர் செக் பண்ணாம அப்படியே நம்புற சிஸ்டம். விமானமும் விமானமும் தாங்களே பேசி எச்சரிக்கிற டிகாஸ் கருவியும் அப்போ இந்தியாவுல கட்டாயம் இல்ல.

நீதிபதி ஆர்.சி. லகோட்டி தலைமையிலான விசாரணை, கஜக் விமானம் சொன்ன உயரத்துக்குக் கீழே இறங்கினதுதான் காரணம்னு சொல்லுச்சு. அது சரிதான். ஆனா கதை அங்க முடிஞ்சிருந்தா, அடுத்த விபத்துக்கு வழி திறந்தே இருந்திருக்கும்.

எங்க ஊர்ல ஒரு ரூம்

எனக்கு ஊர் ஆனைக்குட்டம் பக்கம். அணைக்கரையில நின்னா சுத்தி பட்டாசு ஆலைகள். எங்க அப்பா அதுல ஒண்ணுல வேலை பாத்தவர். மருந்து ரூம்ல நாலு பேருக்கு மேல கூடாது, ரூமுக்கும் ரூமுக்கும் இடைவெளி வேணும். ஏன்னு சின்ன வயசுல கேட்டேன். "ஒருத்தன் கை தவறுனா அடுத்த ரூமுக்குப் போகக் கூடாதுல்ல"ன்னார்.

யோசிச்சுப் பாருங்க, அந்த விதி கை தவறும்னு ஒத்துக்கிட்டுத்தான் ஆரம்பிக்குது. ஆனா ஒவ்வொரு வெடிவிபத்துக்கு அப்புறமும் நாம படிக்கிற வரி என்ன? "உராய்வு காரணமாக", "தொழிலாளியின் கவனக்குறைவால்". அன்னைக்கு அந்த ரூம்ல எத்தனை பேர் இருந்தாங்க, எவ்வளவு மருந்து இருந்துச்சு, மரத்தடியில வெச்சு வேலை நடந்துச்சாங்கிறது ரெண்டாவது பத்தியில இருக்கும், இல்லன்னா இருக்கவே இருக்காது. செத்தவர் பதில் சொல்ல வர மாட்டார்.

விமானத் துறை அந்த ரெண்டாவது பத்தியையும் படிச்சுச்சு. டெல்லியில போற வழி, வர்ற வழி தனியாச்சு. உயரம் காட்டுற ரேடார் வேலைக்கு வந்துச்சு. இந்திய வானத்துல டிகாஸ் கட்டாயமாச்சு.

அதுவும் முழுத் தீர்வு இல்ல. 2002 ஜூலை 1, ஜெர்மனியில ஊபர்லிங்கன் மேல ரெண்டு விமானம். ரெண்டுலயும் டிகாஸ் இருந்துச்சு. ஒண்ணை ஏறச் சொல்லுச்சு, இன்னொண்ணை இறங்கச் சொல்லுச்சு. ஆனா ஏற வேண்டிய விமானத்தை கன்ட்ரோலர் இறங்கச் சொல்ல, ரெண்டும் இறங்கி மோதி 71 பேர் போனாங்க. அதுக்கப்புறம்தான், கருவியும் கன்ட்ரோலரும் முரண்பட்டா கருவி சொல்றதைத்தான் கேக்கணும்னு விதியைச் சந்தேகமே இல்லாம எழுதினாங்க.

அதனால அந்த நேயருக்கு என் பதில்: ஆமா, பைலட் தப்புதான். ஆனா அது விசாரணையோட முதல் வரி. ஒரு ஆள் தப்பு பண்ணினா 349 பேர் போற மாதிரி எப்படி இருந்துச்சுங்கிறதுதான் அடுத்த வரி. அடுத்த தடவை "கவனக்குறைவு"ன்னு செய்தி வந்தா, அந்த ரூம்ல எத்தனை பேர் இருந்தாங்கன்னு தேடிப் பாருங்க.

அடுத்த எபிசோடுல பாப்போம். பத்திரமா இருங்க.