தார்னு ஒரு வார்த்தை, ரெண்டு வாளி

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

போன வாரம் அப்பா வீடியோ கால்ல வந்தப்போ, நான் முட்டி வரைக்கும் கறுப்பா, கையில நீளக் கம்பு வெச்ச ரப்பர் துடைப்பான் ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டு வாசல்ல நின்னுட்டு இருந்தேன். "ஏண்டா, இதுக்குத்தான் அமெரிக்கா போனியா? ரோடு போடுறியா?" அப்படின்னார். கிட்டத்தட்ட அதேதான்ப்பா, ஆனா சொந்த ரோடு.

சென்னையில இருந்து கேக்குறவங்களுக்கு ஒரு வார்த்தை. இங்க நியூ ஜெர்சியில தெருவுக்கும் கராஜுக்கும் நடுவுல கார் ஏறி வர ஒரு தளம் இருக்கும். அதுதான் டிரைவ்வே. தெருவை ஊர் நிர்வாகம் பாத்துக்கும். டிரைவ்வே வீட்டுக்காரன் தலையில. எங்களோடது 30 அடி நீளம், 20 அடி அகலம், தார் போட்டது. சில வருஷத்துக்கு ஒரு தடவை அதுமேல சீலர்னு ஒரு கறுப்புப் பூச்சு பூசணும். இந்த எபிசோட் அதைப் பத்தித்தான்.

வீடு வாங்கின முதல் வசந்தத்துல ஒரு டிரக் வந்து நின்னுச்சு. "அடுத்த தெருவுல வேலை முடிச்சோம், சரக்கு மிச்சம் இருக்கு, பாதி விலைக்கு உங்களுக்கும் பூசிடுறோம்." எனக்கு ஒரே சந்தோஷம். காசைக் கையில கொடுத்தேன். ஒரு மணி நேரத்துல டிரைவ்வே புது செருப்பு மாதிரி பளபளன்னு ஆயிடுச்சு. பீரோவுல போடுற பாச்சா உருண்டை வாசனை மட்டும் ரெண்டு வாரம் போகல. என்ன பூசுனீங்கன்னு கேக்கவே தோணல. இந்த "மிச்ச சரக்கு" கதை இந்த ஊர்ல ரொம்பப் பழைய கதைன்னு பக்கத்து வீட்டுப் பெரியவர் அப்புறம்தான் சொன்னார்.

அடுத்த குளிர்காலம் முடியும்போது அந்தப் பளபளப்பு செதில் செதிலா உரிஞ்சு கிடந்துச்சு. விரிசல் எல்லாம் முன்னைவிட அகலம். உள்ள என் பையன், அப்போ பதினோரு மாசம், தரையில தவழ்ந்து கைக்குக் கிடைச்சதை எல்லாம் வாய்ல வெச்சுக்கிட்டு இருந்தான். ஒரு நாள் அவன் உள்ளங்கையில கறுப்பா ஒரு துணுக்கு ஒட்டியிருந்ததை என் மனைவி காட்டினாள். அன்னிக்கு ராத்திரிதான் நான் உக்காந்து படிக்க ஆரம்பிச்சேன்.

நாம தமிழ்ல எல்லாத்தையும் தார்னு சொல்லிடுறோம். ஆனா அது ரெண்டு பொருள். ஒண்ணு பிட்டுமன், கச்சா எண்ணெயைச் சுத்திகரிச்சா கடைசியில தங்குற கசடு. ரோட்டுல ஜல்லியை ஒட்ட வைக்கிறது இதுதான். இன்னொண்ணு நிலக்கரித் தார். இரும்பு ஆலைக்காக நிலக்கரியை அடுப்புல வேகவெச்சு கோக் ஆக்கும்போது வழியற துணைப்பொருள். பாக்க ரெண்டும் ஒரே கறுப்பு. ரெண்டுலயும் சீலர் செய்யுறாங்க. அமெரிக்காவோட கிழக்குப் பக்கம் நிலக்கரித் தார்தான் ரொம்ப நாளா அதிகமா வித்துச்சு, மேற்குல பிட்டுமன்.

நிலக்கரித் தார் சீலருக்கு ஒரு நல்ல குணம் உண்டு. பெட்ரோல், ஆயில் சிந்தினா கரையாது. பிட்டுமன் எண்ணெயோட சொந்தக்காரன், அதனால கரைஞ்சிடும். சிக்கல் என்னன்னா, நிலக்கரித் தார்ல பி.ஏ.ஹெச்.னு சுருக்கமா சொல்ற வேதிப்பொருள் கூட்டம் ஏராளமா இருக்கு. அதுல சிலது புற்றுநோய் உண்டாக்கும். அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையம் ரெண்டு வகை சீலரையும் ஒப்பிட்டுப் பாத்தப்போ, நிலக்கரித் தார் வகையில இது கிட்டத்தட்ட ஆயிரம் மடங்கு அதிகம். டெக்ஸஸ்ல ஆஸ்டின் நகரத்துக்காரங்க ஓடைச் சேத்துல இது ஏன் இவ்வளவு இருக்குன்னு தேடிப் போய், பார்க்கிங் இடங்கள்ல பூசின சீலர்ல வந்து நின்னாங்க. 2006-ல அதுக்குத் தடை வந்துச்சு. 2011-ல வாஷிங்டன் மாநிலம், 2014-ல மின்னசோட்டா.

என்னைத் தூக்கிப்போட்டது ஓடை இல்ல, 2010-ல வந்த இன்னொரு ஆய்வு. ஆஸ்டின்லயே அடுக்குமாடி வீடுகளோட தூசியை எடுத்துப் பாத்திருக்காங்க. வெளிய பார்க்கிங்ல நிலக்கரித் தார் பூசியிருந்த வீடுகள்ல, உள்தரைத் தூசியில பி.ஏ.ஹெச். சுமார் 25 மடங்கு. செருப்போட வந்திருக்கு, அவ்வளவுதான். செருப்பை வாசல்லயே விடுன்னு அம்மா இருபது வருஷம் கத்தினது ஞாபகம் வந்துச்சு. கராஜ் வழியா உள்ள வர்றப்போ மட்டும் நாங்க அதை விட்டுட்டிருந்தோம். மறுநாளே கராஜ் கதவுக்கு வெளிய ஒரு செருப்பு ஸ்டாண்ட் வந்துச்சு. தினமும் ஈரத்துணி போட்டுத் துடைக்க ஆரம்பிச்சோம்.

அதனால கடையில வாளியைத் தூக்கறதுக்கு முன்னாடி லேபிளையும் பாதுகாப்புத் தாளையும் பாருங்க. "கோல் டார்"னு இருந்தாலோ, 65996-93-2ன்னு ஒரு எண் இருந்தாலோ வெச்சிட்டு வந்துடுங்க. அது நிலக்கரித் தார்ப் பிசினோட அடையாள எண். "அஸ்ஃபால்ட் எமல்ஷன்"னு இருக்கறதை எடுங்க. ஆள் வெச்சுப் பூசுறதா இருந்தாலும் அந்தத் தாளைக் கேளுங்க. நான் கேக்கல.

சரி, எதுக்கு இதைப் பூசணும்? தார்த் தளத்துல எடைக்கு சுமார் 95 சதவீதம் ஜல்லியும் மணலும், மிச்ச 5 சதவீதம்தான் பிட்டுமன். வெயிலும் காத்தும் பட்டுப் பட்டு அந்தப் பிட்டுமன் கெட்டியாகி, சாம்பல் நிறமாகி, சின்னதா விரிசல் விடும். அதுல தண்ணி இறங்கும். ராத்திரி உறையும்போது தண்ணி 9 சதவீதம் போல விரியும், பகல்ல உருகும், மறுபடி உறையும். ஒரு குளிர்காலத்துல இது எத்தனையோ தடவை நடக்கும். சீலர் தளத்துக்கு பலம் எதுவும் கொடுக்காது. வெயிலையும் தண்ணியையும் கொஞ்சம் தடுக்கும், அவ்வளவுதான். திறந்து கிடக்குற விரிசலுக்கு மேல பூசினா ஒரு பிரயோஜனமும் இல்ல. அந்த டிரக்காரங்க செஞ்சது அதுதான்.

அதனால நான் செலவழிச்ச மூணு நாள்ல ரெண்டு நாள் விரிசலுக்கே போச்சு. அதுக்கும் முன்னாடி ஒரு வேலை. நல்ல மழையில குடையைப் பிடிச்சுக்கிட்டு டிரைவ்வேல நின்னேன். கூரைத் தண்ணி இறங்குற குழாய் நேரா தளத்தோட ஓரத்துல கொட்டிட்டு இருந்துச்சு. சரியா அந்த இடத்துலதான் முதலைத் தோல் மாதிரி கட்டம் கட்டமா வெடிச்சிருந்தது. அப்படி வெடிச்சிருந்தா அடித்தளமே ஊறிப்போச்சுன்னு அர்த்தம். எந்த வாளியும் உதவாது. அந்த ரெண்டடியை வெட்டி எடுத்து, ஜல்லி போட்டு இறுக்கி, கடையில மூட்டையா கிடைக்குற குளிர்த் தார்க் கலவையைப் போட்டு இடிச்சேன். குழாயைப் புல்வெளிப் பக்கம் திருப்பிவிட்டேன். மொத்த வேலையிலயே உருப்படியானது அந்தக் குழாய்தான்னு நினைக்கிறேன்.

மத்த விரிசலுக்கு: புல்லை வேரோட பிடுங்கணும், பழைய ஸ்க்ரூடிரைவரால மண்ணைச் சுரண்டணும், ஊதி வெளிய தள்ளணும், காயவிடணும். அப்புறம் ஃபில்லரை ஊத்தணும். ராத்திரியில அது உள்ள இறங்கிடும், மறுநாள் மேல இன்னொரு தடவை. அரை அங்குலத்துக்கு மேல அகலமா இருந்தா முதல்ல நுரைக் கயிறைத் திணிச்சுட்டு ஊத்துங்க, இல்லைன்னா டப்பா டப்பாவா குடிக்கும். ஆயில் கறையைச் சோப்புப் போட்டுத் தேய்ச்சு, அதுக்குன்னு விக்கிற பிரைமரைத் தடவணும். அதை விட்டா அங்க மட்டும் பூச்சு ஒட்டாது.

பூசுறது சுலபம். 19 லிட்டர் வாளி ஒண்ணு சுமார் 350 சதுர அடிக்கு ஒரு கை வரும். எனக்கு 600 சதுர அடி, ரெண்டு கை, நாலு வாளி. அடியில கெட்டியா தங்கியிருக்கும், நல்லா கலக்கணும். கராஜ் ஓரத்துல டேப் ஒட்டி, ஓரங்களை பிரஷ்ல முடிச்சு, கராஜ்ல இருந்து தெருவை நோக்கிப் பின்னாடியே வரணும். ரெண்டு மெல்லிசான கை. ஒரே தடவையில கெட்டியா போட்டா உரியும். பொங்கலுக்குப் பொங்கல் பழைய சுண்ணாம்பைச் சுரண்டாம மேலயே வெள்ளையடிச்ச சுவர் எப்படிப் பொருக்கு விடும்? அதே கதை. அதனால வருஷா வருஷம் பூச வேண்டாம். புதுசா போட்ட தளம்னா ஆறு மாசமாவது விட்டுடுங்க.

ராத்திரியிலயும் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழ போகாத, 24 மணி நேரம் மழை இல்லாத நாளாப் பாருங்க. நான் மழையைப் பாத்தேன், பனியை மறந்துட்டேன். ரெண்டாவது கையைச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஆரம்பிச்சேன். தெருவோரம் மூணடி காயாம, காலையில பனி பட்டு சாம்பல் பூத்திருந்தது. இன்னும் அப்படித்தான் இருக்கு. அப்பா வீடியோ கால்ல முதல்ல பாத்தது அதைத்தான்.

ரெண்டு நாள் காரைத் தெருவுல நிறுத்துங்க. மறுபடி எப்போ பூசணும்னு நாள்காட்டியைப் பாக்காதீங்க, ஒரு கை தண்ணி தெளிச்சுப் பாருங்க. முத்து முத்தா நின்னா விட்டுடலாம், உறிஞ்சிக்கிச்சுன்னா நேரம் வந்தாச்சு. ஆனா விரிசலை மட்டும் வருஷா வருஷம் குளிருக்கு முன்னாடி அடைச்சிடணும். அதுக்கு ஒரு சாயங்காலம் போதும்.

கழுவின தண்ணியைத் தெருச் சாக்கடையில ஊத்தாதீங்க, அது நேரா ஓடைக்குத்தான் போகும். மிச்ச சீலர் தண்ணி கலந்ததுதான், கராஜ்ல வெச்சா குளிர்ல உறைஞ்சு வீணாகும். எங்க பேஸ்மென்ட் படிக்கட்டுக்குக் கீழ இப்போ அரை வாளி இருக்கு. எடிசன் பக்கம் யாராவது இருந்தா வந்து எடுத்துட்டுப் போங்க. இது நிஜமாவே மிச்ச சரக்கு, லேபிள் மேலயே இருக்கு.