தப்பு கண்டுபிடிக்க நாலு பேர்!

1962-ம் ஆண்டு ஜூலை 22-ந் தேதி. வெள்ளிக்கிரகத்தை ஆராய, "மாரினர்-1" என்ற விண்கலத்தை அமெரிக்கா ராக்கெட்டில் ஏவியது. கொஞ்ச நேரத்தில் ராக்கெட் பாதை தவறியது. புறப்பட்ட 293-வது வினாடியில், அதைத் தரையிலிருந்தே வெடிக்கச் செய்துவிட்டார்கள்!

என்ன காரணம்? ரேடியோ கருவியில் ஒரு கோளாறு. அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. வழிகாட்டும் கணக்கில், ஒரு எழுத்தின் தலைமேல் போடவேண்டிய சிறு கோடு விட்டுப்போயிருந்தது. கம்ப்யூட்டர் அந்தத் தப்புக் கணக்கையே போட்டது.

கம்ப்யூட்டருக்குச் சொந்தப் புத்தி கிடையாது. மனிதன் எழுதிக் கொடுக்கும் கட்டளையை அப்படியே செய்யும். இந்தக் கட்டளைகளுக்குத்தான் "புரோகிராம்" என்று பெயர். எழுதியவர் கண்ணுக்கு அவருடைய பிழை லேசில் தெரியாது. வேறு ஆள் படிக்கவேண்டும்.

எப்படிப் படிப்பது? அமெரிக்காவின் ஐ.பி.எம். கம்பெனியில் வேலை பார்த்த மைக்கேல் பேகன், 1976-ல் ஒரு கட்டுரையில் இதற்கு வழி சொன்னார்.

நாலு பேர் கூட்டம்

மொத்தம் நாலு பேர் போதும். திட்டம் போட்டவர் ஒருவர். புரோகிராம் எழுதியவர் ஒருவர். சோதித்துப் பார்ப்பவர் ஒருவர். நாலாவது ஆள், கூட்டத்தை நடத்துகிறவர். இவர் வேறு வேலையைச் சேர்ந்தவராக இருந்தால் நல்லது. அப்போதுதான் பாரபட்சம் இராது.

எல்லோரும் முன்கூட்டியே படித்துவிட்டு வரவேண்டும். கூட்டம் 2 மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது. அதற்குமேல் மூளை களைத்துவிடும். பிழை கண்ணில் படாது! பிழையைக் கண்டுபிடிப்பதோடு சரி. அதை எப்படித் திருத்துவது என்று அங்கே விவாதம் கிடையாது. எழுதியவர் பிறகு திருத்துவார். திருத்தினாரா என்று கூட்டத்தை நடத்தியவர் பார்ப்பார்.

சம்பள உயர்வுக்கு ஆபத்தா?

பேகன் சொன்னதில் முக்கியமானது இனிமேல்தான் வருகிறது. "இவர் புரோகிராமில் இத்தனை பிழை" என்று கணக்குப் பார்த்து, ஊழியரின் தகுதியை எடைபோடக்கூடாது!

போட்டால் என்ன ஆகும்? சம்பள உயர்வு போய்விடுமே என்று, எழுதியவர் மறைப்பார். "நாளை நம் முறை வருமே" என்று, படிப்பவர் வாயை மூடிக்கொள்வார். கூட்டம் நடக்கும், காப்பி வரும், பிழை மட்டும் அப்படியே இருக்கும்.

இப்போது பல கம்பெனிகளில் மேஜையைச் சுற்றி உட்காருவதில்லை. எழுதியதை இன்னொருவர் தம் கம்ப்யூட்டரிலேயே படித்து, "சரி" என்கிறார். இது சுலபம்தான். ஆனால், "ஓப்பன் எஸ்.எஸ்.எல்." என்ற புரோகிராமில் நடந்தது என்ன? இன்டர்நெட்டில் ரகசியம் காக்கும் புரோகிராம் இது. இதில் புதிதாக எழுதிச் சேர்த்த ஒரு பகுதியையும் இன்னொருவர் படித்துப் பார்த்து, "சரி" என்றார். 2012-ல் அது வெளிவந்தது. உள்ளே ஒரு ஓட்டை இருந்தது. அதன் வழியாகப் பிறர் ரகசியங்களைத் திருட முடியும். விஷயம் உலகத்துக்குத் தெரிந்தது, 2014 ஏப்ரலில்!