உங்களுக்குத் தெரியுமா? எந்த மேட்ச்?

● சாத்தூர்ப் பக்கம் யாராவது ‘மேட்ச்’ என்றால், எந்த மேட்ச் என்று கேட்டுக்கொள்வது நல்லது. தீப்பெட்டி ஆபீஸ் போர்டில் இருக்கும் மேட்ச் வேறு. கிரிக்கெட் மேட்சும், சேலைக்கு மேட்சாகத் தேடும் ரவிக்கைத் துணியும் வேறு. ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டு ஒன்றுதான். பூர்வீகம் இரண்டு.

● ஆட்ட மேட்ச் பழைய ஆங்கிலச் சொல்லில் இருந்து வந்தது. அதற்குத் துணை, ஜோடி என்று பொருள். சமமான ஜோடி மோதினால் ஆட்டம், நிறம் ஜோடி சேர்ந்தால் மேட்சிங், பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்தால் கல்யாணம்.

● தீக்குச்சி மேட்ச் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து வந்தது. அங்கே அது விளக்குத் திரி. அகராதிக்காரர்கள் இன்னும் பின்னால் போய், விளக்கின் மூக்கைக் குறிக்கும் ‘மிக்ஸா’ என்ற கிரேக்கச் சொல்லில் நிற்கிறார்கள். மூக்குச் சளிக்கும் அதே சொல்தானாம்!

● குச்சி பிறக்கும் முன்பே மேட்ச் இருந்தது. பழைய துப்பாக்கிகளில் மருந்தைப் பற்றவைக்க, புகைந்துகொண்டே இருக்கும் கயிறு ஒன்று உண்டு. அதுதான் மேட்ச். இங்கிலாந்தின் ஸ்டாக்டன் ஊரில் மருந்துக்கடை வைத்திருந்த ஜான் வாக்கர் 1827இல் உரசினால் பற்றும் குச்சியை விற்க ஆரம்பித்தார். திரியின் பெயர் குச்சிக்கு வந்துவிட்டது. பட்டாசுத் தொழிலில் மட்டும் பழைய பொருள் அழியவில்லை. கருமருந்துக் குழம்பில் தோய்த்துக் காயவைத்த பருத்தி நூல் ‘பிளாக் மேட்ச்’. அதையே காகிதக் குழாய்க்குள் நுழைத்தால் ‘குயிக் மேட்ச்’. உள்ளே அடைபட்ட நெருப்பு கண்மூடித் திறப்பதற்குள் மறுமுனைக்கு ஓடிவிடும்.

● சேஃப்டி மேட்சில் என்ன சேஃப்டி? குச்சித் தலையில் பொட்டாசியம் குளோரேட், பெட்டிப் பக்கவாட்டில் சிவப்பு பாஸ்பரஸ். இரண்டையும் பிரித்து வைத்திருப்பதுதான்.

● சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தாவுக்கு ரயிலேறியது 1922இல்.

● தீப்பெட்டிக் கணக்கில் வரும் ‘குரோஸ்’ என்பது 144. பன்னிரண்டு டஜன். பிரெஞ்சில் ‘பெரிய டஜன்’ என்று சொன்னதன் மிச்சம். சம்பளச் சீட்டில் வரும் ‘கிராஸ்’ இதற்கு உடன்பிறப்பு. அங்கே ‘பிடித்தம் போகாத மொத்தம்’ என்று பொருள். கையில் வருவது எவ்வளவு என்பது வேறு கதை.

● குச்சியை உரசுவதற்கும் ‘ஸ்ட்ரைக்’, வேலைநிறுத்தத்துக்கும் ‘ஸ்ட்ரைக்’. இவை இரண்டும் ஒரே சொல்தான். 1768இல் லண்டன் மாலுமிகள் கூலி கேட்டுக் கப்பல் பாய்களை இறக்கிவிட்டார்கள். பாயை இறக்குவதற்குக் கப்பல்காரர்கள் சொன்ன சொல் ‘ஸ்ட்ரைக்’. இரண்டு பொருளும் ஒரே வாசலில் சந்தித்தது 1888இல்: லண்டன் பிரையன்ட் அண்டு மே தீப்பெட்டி ஆலைப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். அபராதப் பிடித்தத்தை நிர்வாகம் கைவிட்ட பிறகே உள்ளே போனார்கள்.