பார்த்த நாயும் பாராத நாயும்

ஒரு படத்தைக் கண்டதும் ‘இதை முன்பே பார்த்திருக்கிறேன்’ என்று சொல்ல வைப்பது அடையாளம் காணும் நினைவு. சில நாய்களுக்கு ஒரு குணம் உண்டு என்று தெரிந்துகொண்டு, இதுவரை பார்த்திராத நாய்க்கும் அது இருக்கும் என்று முடிவுகட்டும் ஊகம் தொகுத்தறிதல். உளவியல் பாடநூல்களில் முதலாவது நினைவு பற்றிய அதிகாரத்திலும் இரண்டாவது சிந்தனை பற்றிய அதிகாரத்திலும் இடம்பெறும். ஆய்வாளர்களும் நெடுங்காலம் அப்படியே பிரிந்து கிடந்தார்கள். ஒருவர் சோதனையை மற்றவர் எட்டிப் பார்ப்பது அரிது. ஆனால் இரண்டு கேள்விக்கும் விடை தேடி மனம் புரட்டும் பதிவேடு ஒன்றுதான் என்ற எண்ணம் கடந்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் வலுப்பெற்றிருக்கிறது.

வகைகளைப் பற்றிய ஊகம் ஒப்புமையைச் சார்ந்தது என்பது 1975-லேயே தெரிந்துவிட்டது. ஒரு தீவில் ஒரு பறவையினத்துக்குத் தொற்றுநோய் வந்திருக்கிறது, மற்ற இனங்களில் எத்தனைக்கு அது பரவியிருக்கும் என்று லான்ஸ் ரிப்ஸ் கேட்டார். ராபின் குருவிக்கு நோய் என்றால் வாத்துக்கும் வரும் என்று நம்பியவர்கள், வாத்துக்கு நோய் என்றபோது ராபினைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்லவில்லை. பறவை என்றதும் மனத்தில் முதலில் வந்து நிற்கும் இனத்திடமிருந்து ஊகம் எளிதில் பரவுகிறது. ஓரத்தில் நிற்கும் இனத்திடமிருந்து தயங்கித்தான் பரவுகிறது.

இதற்கு எதிராகப் பேசியது குழந்தைகளின் சோதனை. 1986-ல் சூசன் கெல்மனும் எலன் மார்க்மனும் நான்கு வயதுக் குழந்தைகளுக்கு ஒரு பூநாரையையும் ஒரு வௌவாலையும் காட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு குணத்தைச் சொன்னார்கள். மூன்றாவதாக வந்த கரும்பறவை பார்வைக்கு வௌவாலைப் போல இருந்தது; அதன் பெயரோ ‘பறவை’. குழந்தைகள் பெரும்பாலும் தோற்றத்தை விட்டுப் பெயரைப் பின்பற்றினார்கள். கண்ணுக்குத் தெரிவதைத் தாண்டி வகையைப் பிடித்துக்கொள்ளும் திறன் மிக இளம் வயதிலேயே வந்துவிடுகிறது என்பது அவர்கள் முடிவு.

ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் விளாடிமிர் ஸ்லவுட்ஸ்கியும் அன்னா ஃபிஷரும் இதை நம்பவில்லை. குழந்தை எதை வைத்து ஊகிக்கிறது என்பதை அதன் விடையில் தேடாமல், பிறகு அதன் நினைவில் எது தங்கியிருக்கிறது என்பதில் தேடினார்கள். 2004-ல் வெளியான அந்தச் சோதனை இந்தத் துறையில் மிகச் சாமர்த்தியமானவற்றுள் ஒன்று. ஐந்து வயதுக் குழந்தைகளுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் ஒரு பூனையைக் காட்டி, இதன் உடலில் ‘பீட்டா செல்கள்’ இருக்கின்றன என்றார்கள். பிறகு பூனை, கரடி, பறவை என்று படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. இதற்கும் அந்தச் செல்கள் உண்டா என்று சொல்ல வேண்டும். பூனைகளுக்கு மட்டுமே உண்டு என்பது போகப்போகத் தெரிந்துவிடும். எல்லாம் முடிந்த பிறகு, முன்னறிவிப்பு இல்லாமல் நினைவுத் தேர்வு: இந்தப் பூனையைச் சற்று முன்பு பார்த்தீர்களா, இது புதிதா?

பெரியவர்கள் தடுமாறினார்கள். பார்த்த பூனைக்கும் பார்க்காத பூனைக்கும் ஒரே மாதிரி ‘பார்த்தேன்’ என்றார்கள். குழந்தைகள் இரண்டையும் நன்றாகவே பிரித்தறிந்தார்கள். ஊகிக்கும் வேலை எதுவும் இல்லாமல் வெறுமனே படங்களை நினைவில் வைக்கச் சொன்னபோது பெரியவர்களும் சோடைபோகவில்லை. ஆகவே நினைவைக் குலைத்தது ஊகிக்கும் வேலைதான். ‘பூனை’ என்று தீர்மானித்த கணமே பெரியவரின் பார்வை நகர்ந்துவிடுகிறது. காதின் வடிவமோ வரியின் நிறமோ அவருக்கு வேண்டியதில்லை. குழந்தையோ ஒவ்வொரு பூனையையும் முதல் பூனையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது, அந்த உருவம் மனத்தில் தங்கிவிடுகிறது. ஒரே பெயருள்ள விலங்குகளுக்கு உள்ளேயும் ஒரே மாதிரி இருக்கும் என்று குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுத்தபோது, அவர்கள் நினைவும் பெரியவர் அளவுக்கு இறங்கியது.

2008-ல் வில்பர்னும் எய்டன் ஃபீனியும் ஒரு எளிய கேள்வி எழுப்பினார்கள்: யார் எவ்வளவு நேரம் பார்த்தார்கள்? பூனை என்று தெரிந்ததும் பொத்தானை அழுத்திவிட்டு அடுத்த படத்துக்குப் போகிறவருக்கு நினைவு குறையத்தான் செய்யும். வயது வேறுபாடாகத் தெரிந்தது பார்த்த நேரத்தின் வேறுபாடாகவும் இருக்கலாம் என்ற அவர்கள் வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. அதற்காக முதல் சோதனை வீணாகிவிடவில்லை. ஊகத்தை அளக்க நினைவைக் கருவியாக்கலாம் என்பதைக் காட்டியதே அதன் பெரிய பங்களிப்பு.

அந்தக் கருவியை நேரடியாகப் பயன்படுத்தியவர்கள் இவான் ஹைட்டும் பிரெட் ஹேய்ஸும். அவர்களின் 2011 ஆய்வில் இரண்டு குழுவினரும் ஒரே நாய்ப் படங்களைத்தான் பார்த்தார்கள். ஒரு குழுவிடம் படங்களை நினைவில் வைக்கச் சொன்னார்கள்; மற்றதிடம் இந்த நாய்களுக்கு ஒரு புதிய குணம் உண்டு என்றார்கள். பிறகு பழைய படங்களும் புதிய படங்களும் கலந்து வந்தன. எந்தப் படத்துக்கு ஒரு குழு அதிகமாக ‘பார்த்தேன்’ என்றதோ, அதே படத்துக்கு மற்றக் குழு அதிகமாக ‘குணம் உண்டு’ என்றது. இரண்டு வரிசைகளும் பெரிதும் பொருந்தின. ஒரு வேறுபாடு மட்டும் விடாமல் வந்தது: ஊகிப்பவர்கள் புதிய படங்களுக்குத் தாராளமாக ‘ஆம்’ என்றார்கள்.

இதை விளக்க ராபர்ட் நோசோஃப்ஸ்கி 1980-களில் உருவாக்கிய மாதிரி உதவுகிறது. பார்த்த ஒவ்வொன்றும் மனத்தில் தனித்தனியே பதிகிறது. புதிதாக ஒன்று வந்தால், பதிவுகள் ஒவ்வொன்றோடும் அதற்குள்ள ஒப்புமை அளக்கப்பட்டுக் கூட்டப்படுகிறது. தூரம் கூடக்கூட ஒப்புமை சரிகிறது. அந்தச் சரிவு எவ்வளவு செங்குத்து என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நினைவுக் கேள்விக்குச் சரிவு செங்குத்தாக வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டு நாயும் நம் நாயாகிவிடும். ஊகத்துக்குச் சரிவு மெல்லியதாக இருந்தால் போதும். பக்கத்து வீட்டு நாயும் நாய்தானே.

இந்த ஒற்றைப் பதிவேட்டுக் கொள்கைக்குப் பெரிய சோதனை மறதி நோயாளிகளிடமிருந்து வந்தது. 1993-ல் பார்பரா நோல்டனும் லாரி ஸ்குவயரும் மூளைச் சேதத்தால் நினைவிழந்தவர்களுக்குப் புள்ளி வடிவங்களைக் காட்டினார்கள். எந்த வடிவத்தைப் பார்த்தோம் என்று அவர்களால் சரிவரச் சொல்ல முடியவில்லை. புதிய வடிவம் அதே வகையா என்பதை மற்றவர்களைப் போலவே சொன்னார்கள். ஆய்வேடுகளில் ‘இ.பி.’ என்று குறிக்கப்படும் நோயாளிக்கு ஒரே வடிவத்தைத் தொடர்ந்து 40 முறை காட்டினாலும் சில நிமிடங்களில் அது அடையாளம் தெரியாமல் போனது. அவரும் வகை பிரித்தார். நினைவுக்கு ஒரு மண்டலம், வகைக்கு வேறொரு மண்டலம் என்ற முடிவு தவிர்க்க முடியாததாகத் தோன்றியது.

நோசோஃப்ஸ்கியும் சாஃபா ஸாக்கியும் 1998-ல் விடை சொன்னார்கள்: நோயாளிகளின் சரிவு மழுங்கியிருந்தால் போதும், தனிப் படங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும், வகையின் மொத்தச் சாயல் தப்பிவிடும். மறு ஆண்டே தாமஸ் பல்மேரியும் மார்சி ஃப்ளானரியும் இன்னும் குறும்பாக ஒன்று செய்தார்கள். கண்ணுக்குப் புலப்படாத வேகத்தில் வடிவங்கள் காட்டப்பட்டன என்று மாணவர்களிடம் சொன்னார்கள். உண்மையில் எதையுமே காட்டவில்லை. மாணவர்கள் அப்படியும் வகையைக் கண்டுபிடித்தார்கள். தேர்வுத்தாளிலேயே ஒரே சாயலுள்ள வடிவங்கள் திரும்பத் திரும்ப வந்ததால், தேர்வு எழுதிக்கொண்டே பாடத்தைப் படித்துவிட்டார்கள். நோயாளிகளின் வெற்றியில் எவ்வளவு படித்தது, எவ்வளவு தேர்வறையில் பொறுக்கியது என்ற கேள்வியை அதன் பிறகு யாரும் தாண்டிப்போக முடியவில்லை.

நினைவில் ஒப்புமை மட்டுமே இல்லை என்பதும் உண்மை. ‘அந்தப் படத்தின் மூலையில் ஒரு கிழிசல் இருந்தது’ என்று தனி விவரத்தை மீட்டெடுத்துப் புதிய படத்தை மறுக்கிற வேலை ஊகத்தில் கிடையாது. அதற்கு இணையாக எதையும் நோசோஃப்ஸ்கியின் மாதிரி தருவதில்லை. அது அதன் பலவீனம்.

குழந்தைகளைப் பற்றிய வழக்கு 2013-ல் மீண்டும் விசாரணைக்கு வந்தது. ஹேய்ஸும் கிறிஸ்டினா ஃப்ரிட்ஸும் ஹைட்டும் நாய்ப் படங்களை ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகளிடம் கொண்டுபோனார்கள். இரண்டு வேலையிலும் குழந்தைகள் பெரியவர்களைவிட அதிகமாக ‘ஆம்’ என்றார்கள். எந்த வயதிலும் நினைவைவிட ஊகத்தில் ‘ஆம்’ கூடுதல். நான்கு வரிசை எண்களையும் ஒரே சூத்திரத்தால் விளக்க முடிந்தது. வயதுக்கும் வேலைக்கும் ஏற்ப மாற்ற வேண்டியிருந்தது சரிவின் செங்குத்தை மட்டும்தான்.