வசந்தகாலத் தும்மலும் இடிமழை ஆஸ்துமாவும்

செப்ரெம்பர் கழிந்து வெயில் ஏறத் தொடங்கினால் மெல்பேணில் எம்மவர் பலருக்குத் தும்மல், மூக்கொழுகல், கண்கடி தொடங்கிவிடும். ஹே ஃபீவர் என்று பெயர் இருந்தாலும் இதில் காய்ச்சல் கிடையாது. மகரந்தத்தை உடல் பகையாக எண்ணி எதிர்ப்பதுதான் இந்த ஒவ்வாமை.

"ஊரில் எனக்கு இப்படி ஒன்றும் இருந்ததில்லையே டொக்டர்" என்று பலர் கேட்பார்கள். உண்மைதான். இங்கே முதன்மைக் காரணம் ரைகிராஸ் என்னும் மேய்ச்சற்புல். அதன் மகரந்தம் காற்றில் நெடுந்தூரம் வரும். வந்த புதிதில் ஒன்றும் செய்யாது. சில வசந்தங்கள் கழிந்த பின்னரே ஒவ்வாமை தலைகாட்டும். வீட்டு வாசலில் மஞ்சளாகப் பூக்கும் வாட்டில் மரத்தைத் திட்டுவதில் பெரிய பயனில்லை. அதன் மகரந்தம் பாரமானது, அதிக தூரம் பறக்காது.

இயற்கை வழிகளில் நான் முதலில் சொல்வது உப்புநீரால் மூக்கைக் கழுவுவது. கொதிக்கவைத்து ஆறிய நீர் ஒரு கப்புக்கு, அயடீன் கலக்காத உப்பு அரைத் தேக்கரண்டி போதும். குழாய்த் தண்ணீரை அப்படியே பாவிக்க வேண்டாம். வெளியே போய் வந்ததும் குளித்து உடுப்பை மாற்றுங்கள். காற்று வீசும் நாளில் துணிகளை வெளியே காயப்போடாதீர்கள். கொத்தமல்லித் தண்ணீரும் இஞ்சித் தேநீரும் தொண்டைக்கு இதம், ஆனால் ஒவ்வாமையை நிறுத்தாது. ஆவி பிடித்தால் அடைப்புச் சற்று இளகும். சுடுநீர்ச் சட்டியைப் பிள்ளைகளுக்கு அருகே வைக்காதீர்கள். தேனீக்கள் தேடுவது பூக்களை; புல் மகரந்தமோ காற்றில் வருவது. ஆகவே தேன் இதற்கு மருந்தல்ல.

இவை போதாவிட்டால் பார்மசியில் கிடைக்கும் ஸ்டீரொய்ட் மூக்கு ஸ்பிரேயைத் தினமும் பாவிக்க வேண்டும். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், அளவு மிகச் சிறியது. பருவம் தொடங்கும் முன்னரே ஆரம்பிப்பது நல்லது.

நான் இதை எழுதுவதன் முக்கிய காரணம் வேறு. 2016 நவம்பர் 21 மாலை மெல்பேணில் இடியுடன் புயற்காற்று வீசியது. ஈரத்தில் வெடித்த மகரந்தங்கள் நுண்துகள்களாகி, மூக்கில் தங்காமல் நேரே நுரையீரலுக்குள் சென்றன. ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறலோடு வைத்தியசாலைகளுக்கு ஓடினார்கள். 10 பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டோரில் பலருக்கு அதற்கு முன் ஆஸ்துமா இருந்ததேயில்லை, ஹே ஃபீவர் மட்டும்தான் இருந்தது. இந்திய, இலங்கை வம்சாவளியினர் தம் சனத்தொகைக்கு மிஞ்சிய அளவில் அதில் இருந்தார்கள்.

ஆகவே "வெறும் தும்மல்தானே" என்று விடாதீர்கள். இரவில் இருமலோ, நெஞ்சில் விசில் சத்தமோ இருந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரை விக் எமர்ஜென்சி செயலியில் இடிமழை ஆஸ்துமா முன்னறிவிப்பு வரும். ஆபத்தான நாளில் புயற்காற்று வருமுன் உள்ளே வந்து யன்னல்களைப் பூட்டுங்கள்.

நீலநிற பஃபர் மருந்துச்சீட்டு இல்லாமலே கிடைக்கும்; ஸ்பேசரோடு ஒன்று வீட்டில் இருக்கட்டும். மூச்சு முட்டினால் நேராக இருத்தி, ஒவ்வொன்றாக 4 முறை அழுத்துங்கள், ஒவ்வொரு முறையும் 4 மூச்சு. 4 நிமிடத்தில் குறையாவிட்டால் மீண்டும் 4 முறை. அப்போதும் குறையாவிட்டால் 000. பேச முடியாத அளவு முட்டினால் காத்திராமல் உடனே அழையுங்கள். பகலில் பேரப்பிள்ளைகளோடு தனியே இருக்கும் அம்மம்மா, அப்பப்பாமாருக்கும் இதைச் சொல்லிவையுங்கள். ஆங்கிலம் வராவிட்டாலும் "அம்புலன்ஸ்", "தமிழ்" என்று சொல்லித் தொலைபேசியை வைக்காமல் இருந்தால் மொழிபெயர்ப்பாளரை இணைத்துத் தருவார்கள்.